தாது வருஷப் பஞ்சம், கொடைக்கானல், செங்கோட்டை நிகார் ஷாஜி

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

தாது வருஷப் பஞ்சம் பற்றி நம் தோட்டங்களில் பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் அது. திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்து ஏழைச் சனங்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். ஹொப்டன், அடாவத்தை, மடூல்சீமைப் பக்கத்துச் சில குடும்பங்களின் கதையும் அந்தப் பஞ்சத்தில்தான் தொடங்கியிருக்கும்.

அதே பஞ்சத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. பருவமழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று அன்றைய விஞ்ஞானிகள் கேட்கத் தொடங்கினார்கள். பஞ்ச விசாரணைகளும் சூரியனை ஆராய வேண்டும் என்பதை வலியுறுத்தின. அதன் பலனாக 1899இல் கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வு நிலையம் வேலையைத் தொடங்கியது. கரும்புள்ளியைப் பார்த்து மழையைச் சொல்லிவிடலாம் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. ஆனால் சூரியனைப் பற்றிய அறிவு வளர்ந்தது. கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜோன் எவர்ஷெட் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இன்னும் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன.

தரையிலிருந்து சாதாரணமாகப் பார்க்க முடியாத ஒன்று சூரியனில் உண்டு. அதன் வெளி வளிமண்டலமான கொரோனா. (வைரஸுக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. இரண்டுக்கும் கிரீடம் என்றுதான் பொருள்.) சூரிய மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். கொரோனாவிலோ பத்து லட்சம் பாகையைத் தாண்டுகிறது. அடுப்பை விட்டு விலக விலகச் சூடு கூடுவது போன்ற விசித்திரம் இது. ஏன் என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. கொரோனாவின் ஒளி சூரிய வட்டத்தின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே இருப்பதால், பூரண கிரகணத்தின்போது மட்டுமே அது கண்ணுக்குத் தெரியும். அதுவும் சில நிமிடங்கள்தான். 1955 ஜூன் 20ஆம் திகதி நம் நாட்டின் மேலாக அப்படியொரு கிரகணம் போனது. வெளிநாட்டிலிருந்து கருவிகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். முகில் பலருடைய உழைப்பைக் கெடுத்துவிட்டது.

முகிலும் இரவும் இல்லாத இடத்தில் கருவியை வைப்பதுதான் இதற்கு வழி. இந்தியா அதற்காகச் செய்ததுதான் ஆதித்யா எல்1. அந்தத் திட்டத்தின் பணிப்பாளராக இருந்தவர் நிகார் ஷாஜி.

தமிழ்நாட்டின் செங்கோட்டையில் பிறந்தவர் இவர். வாப்பா ஷேக் மீரான் கணிதத்தில் பட்டம் பெற்றுவிட்டு விவசாயம் செய்தவர். உம்மா இல்லத்தரசி. படித்தது ஊரிலுள்ள அரசு பெண்கள் பாடசாலையில். பிறகு திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இலத்திரனியல், தொடர்பாடல். முதுமாணிப் பட்டம் ராஞ்சியிலுள்ள பி.ஐ.டி. மெஸ்ராவில். 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். முதலில் ஸ்ரீஹரிகோட்டா, பின்னர் பெங்களூர் செய்மதி நிலையம். 2016 டிசம்பரில் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட் 2ஏ செய்மதிக்கு இணைத் திட்டப் பணிப்பாளராக இருந்தார்.

"பொம்புளப் புள்ளைக்கு இணைந்த கணிதம் எதுக்கு சேர்?" என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் இந்தப் பந்தியை இன்னொரு முறை வாசித்தால் நல்லது. வெளிநாட்டுப் பாடசாலையும் இல்லை, பணக்கார வீடும் இல்லை. அறிவியலை மதித்த ஒரு வாப்பா இருந்தார், அவ்வளவுதான். மேரி கியூரியின் கதையை அவர்தான் மகளுக்குச் சொன்னாராம்.

இனி அந்த வேலை என்ன என்று பார்ப்போம். 2008 அளவில் யோசிக்கப்பட்டபோது இது 800 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே ஒரு கருவியோடு பூமியைச் சுற்றும் சிறிய செய்மதி. பின்னர் திட்டம் பெரிதாகி, கருவிகள் ஏழாகின. இடமும் மாறியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீற்றர் தள்ளி, சந்திரனைப் போல் நான்கு மடங்கு தூரத்தில், எல்1 என்ற புள்ளி இருக்கிறது. அங்கே சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் சேர்ந்து விண்கலத்தைப் பூமியோடு சமமாகச் சூரியனைச் சுற்ற வைக்கின்றன. ஆனால் சரியாக அந்தப் புள்ளியிலேயே நிற்க முடியாது. விண்கலத்துக்கு நேர் பின்னால் சூரியன் இருந்தால் அதன் வானொலி இரைச்சலில் தகவல் மூழ்கிவிடும். அதனால் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய வளையப் பாதையில் போகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 178 நாள்.

பிரதான கருவியான வெல்க், சூரிய வட்டத்தை உள்ளே மறைத்துச் செயற்கைக் கிரகணத்தை உண்டாக்குகிறது. அதைச் செய்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானல் நிலையத்தை இன்று நடத்துவதும் அவர்களே. ஒரு தூசி பட்டாலும் சிதறும் ஒளி கொரோனாவை மறைத்துவிடும். ஆகவே அந்தக் கருவியைச் செய்தவர்களுக்கு வாசனைத் திரவியமே தடை. நம் ஆட்கள் அத்தர் பூசிக்கொண்டு உள்ளே போயிருக்க முடியாது!

நிகார் ஷாஜி இந்தக் கருவியைத் தனியாக வடிவமைத்தவர் அல்ல. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த ஏழு கருவிகளும் ஒன்றையொன்று கெடுக்காமல், ஒரே விண்கலத்தில், ஒரே மின்சாரத்தில், திருத்தப் போக முடியாத தூரத்தில் இயங்கச் செய்வதுதான் அவர் தலைமை தாங்கிய வேலை. புகழ் குறைவு, பொறுப்பு அதிகம்.

2023 செப்டம்பர் 2ஆம் திகதி பி.எஸ்.எல்.வி. சி57 ரொக்கெட்டில் ஏவினார்கள். சந்திரயான் 3 இறங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் சத்தத்தில் இது பலர் காதில் விழவில்லை. 126 நாள் பயணம். 2024 ஜனவரி 6ஆம் திகதி மாலை எஞ்சினை இயக்கி வளையப் பாதையில் சேர்த்தார்கள். அந்த எரிப்பு பிழைத்திருந்தால் விண்கலம் வேறு பாதையில் விலகிப் போயிருக்கும்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: 1989 மார்ச்சில் ஒரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதையும் மணிக்கணக்கில் இருட்டில் போட்டது. 2022 பெப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் 38 அப்படியான ஒரு புயலால் அழிந்தன. 2024 மே மாதம் இருபது ஆண்டுகளில் காணாத பெரும் புயல் வந்தபோது ஆதித்யாவின் கருவிகள் அதைப் பதிவு செய்தன.

வெள்ளி பின்னேரம் அஸருக்குப் பிறகு ஆதித்யா எடுத்த சூரியப் படங்களை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு எங்கள் பாடசாலையில் காட்டப் போகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள், டவுன் பிள்ளைகள் எல்லோரும் வரலாம். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பிரிவு தெரிவு செய்யக் காத்திருக்கும் பெண் பிள்ளைகளை உம்மா வாப்பாவோடு அனுப்பிவையுங்கள். பிளேன்டீ என் பொறுப்பு.