கரோனரி தமனி வாய்ச் சீரமைப்பு

மகாதமனி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே இடது, வலது கரோனரி தமனிகள் பிரிகின்றன. கொழுப்புப் படிவு, தகாயாசு எனும் தமனிச் சுவர் அழற்சி, சிபிலிஸ், மார்புக் கதிர்வீச்சு ஆகியவற்றால், தமனியின் மற்றப் பகுதி நன்றாக இருக்க, அது கிளம்பும் வாய் மட்டும் சுருங்கிப்போவதுண்டு. இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தை நிறுத்தி, மகாதமனியைத் திறந்து, வெட்டைக் குறுகிய வாய்வரை நீட்டி, இதய உறையிலோ கால் சிரையிலோ எடுத்த துண்டைத் தைத்து வாயை அகலமாக்குவதே இந்தச் சீரமைப்பு. 1960-களில் இதைச் செய்துகொண்டவர்களில் இறந்தோர் அதிகம். 1967-இல் கிளீவ்லாந்தில் அறுவையாளர் ஃபவலோரோ தொடங்கிய, அடைப்பைச் சுற்றி வேறு நாளத்தை ஒட்டும் பைபாஸ் முறை பரவியதும் இது ஒதுங்கியது. 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இதய அறுவையாளர் கே.எம். செரியன் செய்ததும் பைபாஸ்தான். இதயத் தசையைக் காக்கும் கரைசல்கள் மேம்பட்ட பிறகு, 1980-களில் ஐரோப்பிய அறுவையாளர்கள் வாய்ச் சீரமைப்பை மீட்டெடுத்தனர்.

பைபாஸும் ஸ்டென்ட்டும் இருக்க இது எதற்கு என்பது நியாயமான கேள்வி. சுண்ணாம்பு படிந்த வாய்க்கும், அடைப்பு தமனியின் கிளைப்பிரிவு வரை நீண்டவருக்கும் இது பொருந்தாது. ஒட்டுத் துண்டு நாளடைவில் புடைக்கலாம், வாய் மீண்டும் சுருங்கலாம். ஆனால் தகாயாசு நோயில் கணக்கு மாறுகிறது. ஆசியாவில் இளம்பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் இந்நோய், பைபாஸுக்கு மிகவும் நம்பப்படும் மார்பின் உட்புறத் தமனி கிளைக்கும் கைத் தமனியையே அடைத்துவிடும். அழற்சி அடங்காத சுவரில் வைத்த ஸ்டென்ட்டும் எளிதில் மீண்டும் அடைபடுகிறது. வாயைச் சீரமைத்தாலோ ரத்தம் இயல்பான திசையிலேயே பாய்கிறது. பிற்காலத்தில் வேண்டியிருக்கக்கூடிய பைபாஸுக்கான நாளங்களும் மிஞ்சுகின்றன. இருபது வயதுக்காரிக்கு இது சிறிய லாபமல்ல. அழற்சியே திரும்பினால் தைத்த இடமும் கெடுமே என்பது வலுவான மறுப்பு. அதனால்தான், அவசரமில்லாத நிலையில், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் நோயை அடக்கிய பிறகே கத்தி எடுக்கிறார்கள்.

குயிலாப்பாளையம் போன்ற சிற்றூரில் இதயத்தைத் திறக்க முடியாது. அதற்குப் பக்கத்துப் புதுச்சேரியின் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைதான் வேண்டும். ஆனால் நடந்தாலே நெஞ்சு வலிக்கிறது என்று வரும் இளம்பெண்ணின் இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்க ஊர்ச் சுகாதார நிலையமே போதும். இடது கையில் அழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தால், அந்தப் பக்க மார்புத் தமனியை நம்பலாமா என்ற ஐயம், ஆஞ்சியோகிராமுக்கு முன்பே பரிந்துரைச் சீட்டில் ஏறிவிடும்.