அட்டவணைக்கு மாறும்போது எது தொலைகிறது? தரவு ஏற்றுமதியின் சிறு வரலாறு



ஒரு சின்ன சம்பவத்தோடு தொடங்குகிறேன். ஐந்தாம் படிவ மாணவர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு கணினி முறைமையிலிருந்து விரிதாளுக்கு எக்ஸ்போர்ட் செய்தேன். எல்லாரும் 2008இல் பிறந்த பிள்ளைகள். அடையாள அட்டை எண் 08 என்றுதான் தொடங்கும். ஆனால் விரிதாளில் திறந்து பார்த்தால் முன்னால் இருந்த சுழியத்தைக் காணோம்! 12 இலக்கம் 11 ஆகிவிட்டது. தமிழ்ப் பெயர்களும் புரியாத குறிகளாக மாறியிருந்தன. அப்படியே தேர்வுப் பதிவுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீரென்கிறது.

கோப்பில் சுழியம் பத்திரமாகத்தான் இருந்தது. விரிதாள்தான் அதை ஓர் எண் என்று எடுத்துக்கொண்டு, தேவையில்லாத சுழியம் என விட்டுவிட்டது. இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

விரிதாளும் காற்புள்ளியும்

1978இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி மாணவர் டேன் பிரிக்லினுக்கு, கணக்குத் தாளைக் கணினித் திரைக்குக் கொண்டுவரும் எண்ணம் தோன்றியது. பாப் ஃபிராங்ஸ்டன் அதற்கு நிரல் எழுதினார். 1979இல் விசிகால்க் வெளிவந்தது. 254 கிடைவரிசை, 63 நெடுவரிசை, அவ்வளவுதான். 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கு எக்ஸெல் என்று வளர்ச்சி தொடர்ந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: விரிதாள் பிறந்ததே கணக்குப் போடுவதற்காக. எதைப் பார்த்தாலும் எண்ணா, தேதியா என்று தேடுவது அதன் பிறவிக் குணம்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கொண்டுபோக எளிய வழி சி.எஸ்.வி. கோப்பு. மதிப்புகளுக்கு நடுவே காற்புள்ளி போட்டு எழுதும் முறை இது. தனிநபர் கணினி வருவதற்கு முன்பே, 1970களிலேயே, புழக்கத்தில் இருந்தது. ஆனாலும் அதன் வடிவத்தை விளக்கும் ஆர்.எஃப்.சி. 4180 ஆவணம் 2005இல்தான் வந்தது. அதுவரைக்கும் ஆளுக்கொரு மாதிரி எழுதினார்கள். இந்தக் கோப்பில் வெறும் எழுத்து மட்டுமே இருக்கும். 'இது எண் இல்லை, அடையாளம்' என்று சொல்ல அதில் இடமே கிடையாது.

தேவைகளை நிர்வகித்த மென்பொருள்

விமானம், ரயில், மருத்துவக் கருவி போன்ற பெரிய திட்டங்களில் ஆயிரக்கணக்கான தேவைகளை எழுதிவைப்பார்கள். 'ரயில் ஓடும்போது கதவு திறக்கக் கூடாது' என்பது ஒரு தேவை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஓர் எண் உண்டு. அதை நிறைவேற்றும் வடிவமைப்போடும், சரிபார்க்கும் சோதனையோடும் அதற்கு இணைப்பு உண்டு. யார், எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பும் உண்டு. இவற்றையெல்லாம் பாதுகாக்க 1990களில் டோர்ஸ் போன்ற மென்பொருள்கள் பரவின. டோர்ஸை வைத்திருந்த டெலிலாஜிக் நிறுவனத்தை 2008இல் ஐபிஎம் வாங்கியது.

ஆனால் திட்டத்தில் வேலை செய்கிற எல்லாரிடமும் அந்த மென்பொருள் இருக்காது, இல்லீங்களா? விரிதாள் எல்லாரிடமும் இருக்கும். அதனால் ஏற்றுமதி அன்றாட வேலையானது. அங்கேதான் இழப்பும் தொடங்கியது. வாக்கியம் விரிதாளுக்குப் போய்ச் சேரும். இணைப்பு வெறும் எழுத்தாகிவிடும், அல்லது வராமலே போகும். தலைப்பு, துணைத்தலைப்பு என்ற படிநிலை தட்டையாகிவிடும். மாற்ற வரலாறு பழைய இடத்திலேயே தங்கிவிடும். கதவுத் தேவையை யாராவது விரிதாளில் திருத்தினால், எந்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும் என்று அந்த விரிதாள் சொல்லாது.

இதற்குத் தீர்வு தேடியவர்கள் ஜெர்மனியின் வாகன உற்பத்தியாளர்கள். இணைப்பும் படிநிலையும் சிதையாமல் தேவைகளைப் பரிமாறிக்கொள்ள அவர்கள் ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். அதுவே 2011இல் ரெக்ஐஎஃப் என்ற பெயரில் ஓ.எம்.ஜி. அமைப்பின் தரநிலையானது. இருந்தாலும் விரிதாள் ஏற்றுமதி நிற்கவில்லை. எளிமையை யார்தான் விடுவார்கள்?

உலகம் கற்ற இரண்டு பாடங்கள்

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுப் பதிவுகள் தினசரி அறிக்கையில் விடுபட்டது தெரியவந்தது. பழைய எக்ஸெல் வடிவம் ஒரு தாளில் 65,536 கிடைவரிசைகளைத்தான் தாங்கும். அதற்கு மேல் வந்தவை உள்ளே போகவில்லை. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடும் பணி தாமதமானது.

அதே ஆண்டில் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு சில பெயர்களையே மாற்றியது. மார்ச்1 என்ற மரபணுவின் பெயரை விரிதாள் மார்ச் மாதத் தேதியாக மாற்றிக்கொண்டிருந்தது. அப்போது விரிதாள் அசையவில்லை, அறிவியல்தான் வளைந்துகொடுத்தது. வேடிக்கைதான், ஆனால் சிரிக்க முடியவில்லை.

நமக்கு என்ன?

ஏற்றுமதி என்பது நகல் எடுப்பதல்ல. ஒரு வகையில் அது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் எது விடுபடும் என்று தமிழாசிரியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் மூன்று பழக்கம் போதும்:

1. ஏற்றுமதிக்கு முன்னும் பின்னும் பதிவுகளை எண்ணிப் பாருங்க. 40 மாணவர் போனால் 40 மாணவர் வர வேண்டும்.
2. சி.எஸ்.வி. கோப்பை நேரடியாகத் திறக்காமல், விரிதாளின் இறக்குமதி வசதி வழியாகக் கொண்டுவாருங்க. அங்கே அடையாள எண் நெடுவரிசையை 'எழுத்து' என்றும், குறியாக்கத்தை யூ.டி.எஃப்-8 என்றும் தேர்ந்தெடுங்க. சுழியமும் தமிழும் பிழைக்கும்.
3. மூலம் எது, நகல் எது என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்க. அடையாள எண் நெடுவரிசையை அழிக்காதீங்க. திருத்தத்தை மூலத்தில் சேர்க்க அதுதான் வழிகாட்டி.

என் வகுப்புப் பட்டியலை மறுபடி இறக்கி, ஒவ்வோர் எண்ணையும் மூலத்தோடு ஒப்பிட அரைமணி நேரம் ஆனது. ஒரு பிள்ளையின் தேர்வுக்கு முன்னால் அந்த அரைமணி நேரம் பெரிதே அல்ல.

வகுப்பில் கலந்துரையாட:

அ) விரிதாள் கணக்குக்காகப் பிறந்தது என்பதற்கும் சுழியம் தொலைவதற்கும் உள்ள தொடர்பை விளக்குக.

ஆ) 'எளிமைக்கு ஒரு விலை உண்டு.' இக்கூற்றைக் கட்டுரையிலுள்ள இரண்டு சான்றுகளுடன் நிறுவுக.