மீயொலியும் பல் நகர்வும்: வேகக் கணக்கு ஒரு மறுபரிசீலனை

சென்னையின் மேற்குப் புறநகரில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதியில் பல் மருத்துவக் கல்லூரிகள் அருகருகே அமைந்திருக்கின்றன: மதுரவாயலில் மீனாட்சி அம்மாள், வேலப்பன்சாவடியில் சவீதா, சற்றுத் தள்ளிப் போரூரில் ஸ்ரீராமச்சந்திரா. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எத்துப்பல்லுக்குக் கம்பி கட்ட நினைப்பவர்களுக்கு இவை எட்டும் தூரம்தான். கம்பி கட்ட வருபவர் வலியைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, எத்தனை மாதத்தில் முடியும் என்று கேட்டுவிடுகிறார். கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். இந்த அவசரத்தை நம்பியே பல் நகர்வை விரைவுபடுத்தும் கருவிகள் சந்தைக்கு வருகின்றன. அவற்றுள் குறைசெறிவுத் துடிப்பு மீயொலி அறிவியல் தோற்றம் மிகுந்தது. அதை வேகத்துக்காக விற்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதும், அது ஆராயத்தக்கதாக இருப்பது வேர் அரிப்பு (கம்பியின் விசையால் பல்லின் வேர் கரைவது) தொடர்பில்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கம்பியின் விசை பல்லை அழுத்தும் பக்கத்தில் பற்சூழ் தசைநார் நசுங்கி, இரத்த ஓட்டம் குறைந்து, ஒரு பகுதி உயிரற்றுப்போகிறது. அந்தச் சிதைவை உடல் அகற்றி, எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் வழிவிட்ட பிறகே பல் நகரும். இந்தக் காத்திருப்பை மீயொலி சுருக்கும் என்பதே கருதுகோள். 2013இல் வெளியான ஓர் எலி ஆய்வு பிஎம்பி-2 என்ற வளர்ச்சிக் காரணியின் வழியாக இது நடப்பதாகக் காட்டியது. ஆனால் மனிதருக்குப் பயன்படுத்தும் அளவுகள் (1.5 மெகாஹெர்ட்ஸ், சதுர செ.மீ.க்கு 30 மில்லிவாட், நாளுக்கு 20 நிமிடம்) பல்லை ஆராய்ந்து கண்டறியப்பட்டவை அல்ல. எலும்பு முறிவுக்காக அமெரிக்காவில் 1994இல் அனுமதி பெற்ற கருவியின் அளவுகள் அப்படியே வாய்க்குள் வந்துவிட்டன. இடையில் ஓர் எச்சரிக்கை: பிசியோதெரபி கிளினிக்கில் மூட்டு வலிக்கு வைக்கும் கருவி வாட் கணக்கில் இயங்குவது, இதைவிடப் பல மடங்கு செறிவுள்ளது. பெயர் ஒன்றுதானே என்று அதைத் தாடையில் வைப்பதற்கு இங்கே பேசும் எந்தச் சான்றும் துணை நிற்காது.

மனிதரில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாரெக் எல்-பியாலி குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு. 21 பேரின் வாயில் ஒரு பக்கத்துக்கு மட்டும் மீயொலி கொடுத்து, மறுபக்கத்தை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். வேகம் சராசரியாக 29 சதவீதம் கூடியது என்பது அதன் முடிவு. விளம்பரங்கள் விரும்பக்கூடிய எண் இதுதான். ஆனால் அதே ஆய்வின் சராசரிகளைப் அருகருகே வைத்தால், மீயொலிப் பக்கம் வாரத்துக்கு 0.266 மி.மீ., மறுபக்கம் 0.232 மி.மீ. வித்தியாசம் சுமார் 15 சதவீதமே. 29 என்பது ஒவ்வொருவரின் விகிதத்தையும் தனித்தனியே கண்டு சராசரி எடுத்தால் வரக்கூடியது. மறுபக்கம் மிக மெதுவாக நகர்ந்த ஓரிருவர் இருந்தாலே அது ஊதிப்போகும். முன்கடைவாய்ப்பல்லை எடுத்த 7 மி.மீ. இடைவெளியை மூடுவதாக வைத்துக்கொள்வோம். மறுபக்க வேகத்தில் 30 வாரம், மீயொலியோடு 26 வாரம். லாபம் நான்கு வாரம். அதற்காக நோயாளி வாயில் கருவியை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியது மொத்தம் 60 மணி நேரம். இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. ஒரே ஆளின் இரு பக்கங்களையும் ஒரே கம்பி பிணைத்திருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சிகிச்சை முடிவது ஒரே நாளில். ஆகவே இவ்வகை ஆய்வு எத்தனை பேரைச் சேர்த்தாலும் மொத்தச் சிகிச்சைக் காலம் குறைந்ததா என்ற கேள்விக்கு விடை தர இயலாது.

எலும்பு முறிவில் கிடைத்த அனுபவமும் ஊக்கம் தருவதாக இல்லை. அறுவை சிகிச்சை செய்த கால் எலும்பு முறிவாளர் 501 பேரிடம் நடந்த டிரஸ்ட் ஆய்வு 2016இல் வெளியானது. இயங்கும் கருவி பெற்றவர்களுக்கும் இயங்காத கருவி பெற்றவர்களுக்கும் குணமடைவதில் வேறுபாடு தெரியவில்லை. மறு ஆண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இம்முறைக்கு எதிராக வலுவான பரிந்துரை வெளியிட்டது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பும் தாடையும் ஒன்றல்ல, முறிவு கூடுவதும் பல் நகர்வதும் வேறு வேறு நிகழ்வுகள் என்று மறுப்பார்கள். மறுப்பு நியாயமானதே. ஆனால் அதை ஏற்றால் முறிவிலிருந்து கடன் வாங்கிய 30 மில்லிவாட்டையும் 20 நிமிடத்தையும் தாடைக்கெனத் தனியே நியாயப்படுத்த வேண்டிவரும். தோல்வி மட்டும் காலுக்கு, அளவு மட்டும் பல்லுக்கு என்று பிரித்துக்கொள்ள முடியாது.

நான்கு வாரமானாலும் லாபம் லாபம்தானே என்பது இன்னொரு மறுப்பு. நான்கு வாரம் என்பது பல்சீரமைப்பில் ஒரு வருகையின் இடைவெளி. ஷிப்ட் மாறியதால் அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளி ஒரு முறை வராமல் போனாலோ, முறுக்கு கடித்துப் பிராக்கெட் கழன்று அதைத் திரும்ப ஒட்ட வேண்டிவந்தாலோ அந்த லாபம் கரைந்துவிடும். வராத நாட்களும் கழன்ற பிராக்கெட்டுகளும் சிகிச்சையை நீட்டிக்கின்றன என்பதை பெக்வித் குழு 1999லேயே காட்டியிருக்கிறது. டிரஸ்ட் ஆய்வில்கூட, பரிந்துரைத்த தடவைகளில் பாதியையாவது பயன்படுத்தியவர்கள் 73 சதவீதம்தான். மருத்துவ வருகைக்கே நேரம் ஒதுக்க முடியாதவர் தினமும் 20 நிமிடம் தவறாமல் ஒதுக்குவார் என்று எதிர்பார்ப்பது அதிகம். மாலையிலும் ஞாயிறிலும் பல்சீரமைப்புப் பிரிவைத் திறந்து வைப்பது இந்த வட்டாரத்தில் எந்தக் கருவியைவிடவும் அதிக நாட்களை மிச்சப்படுத்தும் என்றே நினைக்கிறேன்.

வேரின் கதை வேறு. எல்-பியாலி 2004இல் 12 பேரிடம், எடுக்கப்போகும் முன்கடைவாய்ப்பற்களில் நான்கு வாரம் மீயொலி கொடுத்து, வேர் அரிப்பு குறைவாக இருந்ததைக் கண்டார். 2020 ஆய்விலும் வேர் இழப்பு வாரத்துக்கு 0.0092 மி.மீ., மறுபக்கம் 0.0223. 30 வாரத்துக்குப் பெருக்கினால் 0.28க்கும் 0.67க்கும் உள்ள இடைவெளி. எலும்பு அரிப்பைத் தூண்டுவதும் வேர் அரிப்பைத் தடுப்பதும் ஒரே அலையா என்ற ஐயம் எழும். வேரைப் போர்த்தும் சிமெண்டமும் எலும்பும் அரிப்புச் செல்களுக்கு ஒரே மாதிரி இணங்குவதில்லை என்பதால் இதை முரண் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மேற்சொன்ன வேர் இழப்பு எண்களின் சிதறல் (திட்ட விலக்கம்) 0.022, அதாவது சராசரி அளவுக்கே பெரியது. வேரை அளக்க உதவும் சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே படத்தின் ஒரு வோக்ஸெலே (மிகச் சிறிய அலகே) 0.2 மி.மீ. அளவில் இருக்கும். ஆகவே இது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. என்றாலும் பிறவியிலேயே வேர் குட்டையானவர்களுக்கு அரை மி.மீ.யும் பொருட்படுத்தத்தக்கது.

மீயொலி வேரைக் காக்கிறதா என்ற கேள்வியை ஆராய மேற்குப் புறநகர்க் கல்லூரிகளில் நோயாளிகளும் முதுநிலை மாணவர்களும் இருக்கிறார்கள். 30 மில்லிவாட் உடலில் உறைக்காது. எனவே ஒரு குழுவுக்கு இயங்காத கருவியைக் கொடுத்தாலும் யாருக்கும் தெரியாது. வாயைப் பாதியாகப் பிரிக்காமல் ஆட்களையே இரண்டு குழுவாகப் பிரித்து, வேரின் நீளத்தை முதல் அளவீடாகவும், கம்பி கட்டிய நாள் முதல் கழற்றிய நாள் வரையிலான காலத்தை அடுத்ததாகவும் வைத்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். ஓர் எம்டிஎஸ் ஆய்வேட்டின் கால எல்லைக்குள் இது அடங்காது. இரண்டு மூன்று கல்லூரிகள் கூட்டுச் சேர வேண்டியிருக்கும். ஆய்வுக்கான செலவைப் பங்கேற்பாளர் மீது சுமத்தலாகாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. ஆகவே கருவியின் விலையைக் கல்லூரியோ தயாரிப்பாளரோதான் ஏற்க வேண்டும்; கம்பிக் கட்டணத்தோடு சேர்த்துப் பில் போட வழியில்லை.