மூச்சுக்காத்துல சிக்கனம்

போன மாசம் கரியமில வாயுவை அளக்குற ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். ராத்திரி படுக்கையறையில் வச்சு, கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, ஏசியைப் போட்டுத் தூங்கியாச்சு. காலையில பார்த்தா பத்து லட்சத்துக்கு 2100 பங்கு! வெளிக்காத்துல 420 சொச்சம்தான். "ஏசிதான் ராத்திரி பூரா ஓடுச்சே?"ன்னாங்க தங்கமணி.

அங்கதான் விஷயம். வீட்டு ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்குற காற்றையே சுத்திச் சுத்திக் குளிர வைக்கும். அப்போ ஒரு ஆளுக்கு எவ்வளவு வெளிக்காற்று வேணும்? தேடிப் போனா பெரிய கதையே கிடைச்சது.

1858-ல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்பவர், கரியமில வாயுவை வைத்தே அறைக்காற்றை எடை போடலாம் என்றார். அந்த அளவில் அது விஷமில்லை. ஆனால் மனுஷங்க விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்குன்னு காட்டிக்கொடுத்துடும். அவர் வைத்த வரம்பு 1000. என் பெட்டிக்கு அவர்தான் கொள்ளுத்தாத்தா :-)

1895-ல் அமெரிக்காவின் வெப்பமூட்டல், காற்றோட்டப் பொறியாளர் சங்கம் ஆளுக்கு நிமிஷத்துக்கு 30 கன அடி வெளிக்காற்று வேணும்னு சொன்னது. 1936-ல் ஹார்வர்டில் யாக்லூ குழுவினர் ஒரு அறையில் ஆட்களை உட்கார வைத்து, வேறு ஆட்களை மோந்து பார்க்கச் சொல்லி (நிஜமாத்தாங்க!) ஆராய்ச்சி செய்தார்கள். அதை வைத்து 1946-ல் கணக்கு 10 கன அடிக்கு இறங்கியது.

அப்புறம் வந்தது 1973 எண்ணெய் நெருக்கடி. பீப்பாய் 3 டாலர் விற்ற எண்ணெய் சில மாசத்துல 12 டாலரை நெருங்கிடுச்சு. வெளிக்காற்றை உள்ளே விட்டா குளிர்காலத்தில் சூடாக்கணும், கோடையில் குளிர வைக்கணும். ரெண்டுக்கும் காசு. ஜன்னலே திறக்க முடியாத ஆபீஸ்கள் இன்னும் இறுக்கமாயின. அந்தப் பழைய சங்கத்தின் வாரிசான ஆஷ்ரே 1981-ல், புகை பிடிக்காத ஆபீஸில் ஆளுக்கு 5 கன அடி போதும்னுடுச்சு.

அதே சமயம் உள்ளே சேர்ந்தவை: பார்ட்டிகிள் போர்டு மேசை, கார்ப்பெட், அதை ஒட்டுற பசை, ஜெராக்ஸ் மெஷின். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா ஆவி விடும். ஜனங்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல், தொண்டைக் கமறல். வீட்டுக்குப் போனா சரியாயிடும். மறுநாள் மறுபடி. 1984-ல் உலக சுகாதார நிறுவனமே, புதிதாகக் கட்டிய, புதுப்பித்த கட்டடங்களில் 30 சதவீதம் வரை இந்தப் புகார் இருக்கலாம் என்றது. உச்சக்கட்டக் கூத்து, 1987-ல் வாஷிங்டனில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைமையகத்திலேயே புது கார்ப்பெட் போட ஆரம்பித்தபின் ஊழியர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது!

1989-ல் ஆஷ்ரே இறங்கி வந்தது. குறைந்தபட்சம் 15, ஆபீஸுக்கு 20 கன அடி.

எனக்கு ஆதங்கம் என்னன்னா, வேற வழி அப்பவே இருந்தது. 1977-ல் கனடாவின் ரெஜைனா நகரத்தில், அதே எண்ணெய் நெருக்கடிக்குப் பதிலாக ஒரு மாதிரி வீடு கட்டினார்கள். அதுவும் காற்றுப் புகாத இறுக்கமான வீடுதான். ஆனால் வெளியே போற பழைய காற்றும் உள்ளே வர்ற புதுக் காற்றும் ஒண்ணோடொண்ணு கலக்காம, பக்கத்துப் பக்கத்துல ஓடுற மாதிரி ஒரு கருவி வச்சாங்க. வெப்பம் மட்டும் கை மாறும். மிச்சம் பிடிச்சது வெப்பத்தை, மூச்சுக்காத்தை இல்ல. ஆபீஸ்காரங்க ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிட்டு பத்து வருஷத்துக்கு மேல மத்தவங்களைத் தலைவலியோட உட்கார வச்சாங்க.

நம்ம வீட்டுக்கு அந்தக் கருவியெல்லாம் கட்டுப்படியாகாது. இப்போ ஜன்னலை ரெண்டு விரக்கடை திறந்து வச்சுத் தூங்குறோம். காலையில பெட்டி 900 காட்டுது. கரண்டு பில் கொஞ்சம் ஏறும், பரவாயில்லை. கொசுதான் பெரிய பிரச்னை, வலை அடிக்க ஆள் தேடிக்கிட்டிருக்கேன்.

உங்க ஆபீஸ்ல மத்தியானம் மூணு மணிக்குத் தலை கனக்குதா மக்களே? பின்னூட்டத்துல சொல்லுங்க.