லபூர்தொனே குடும்பம்

பெர்த்ரான்-பிரான்சுவா மாஹே தெ லபூர்தொனே (1699–1753) பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி; பிரான்சின் சேன் மாலோ துறைமுகத்தில் பிறந்தவர். 1735இல் மொரீஷியஸ் ஆளுநரானார். முதல் மனைவி 1738இல் இறந்தபின் மறுமணம் செய்தார்.

1746இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தும், பணயத்தொகைக்கு நகரைத் திருப்பித்தர ஒப்பியதால் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயுடன் பகை மூண்டது. துய்ப்ளே தரப்பின் குற்றச்சாட்டால், வெற்றி பெற்றவருக்குக் கிடைத்தது பாரிஸின் பஸ்தீல் சிறை! எழுதுபொருள் மறுக்கப்பட்ட அவர் கைக்குட்டைகளில் தற்காப்புரை எழுதினார் என்பர். 1751இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்பானது. உடல்நலம் குன்றி, இரண்டே ஆண்டில் இறந்தார். கைம்பெண்ணுக்கு அரசு ஓய்வூதியம் அளித்தது.

பேரன் ஒருவர் 1827இல் அவருடைய நினைவுக்குறிப்புகளை வெளியிட்டார். 1834இல் சதுரங்க வீரர் மெக்டானலை வென்ற சதுரங்க மேதை லூயி-சார்லே அந்தப் பேரன். புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்பில் தளபதியின் பெயரில் தெரு உண்டு.