மாடியில் நிற்கும் மனிதர்

பூபேன் கக்கர் 1981-இல் வரைந்த ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’ ஓவியத்தில், ஆடையற்ற ஒருவர் மாடி விளிம்பில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். கீழே நாமறிந்த கதை: அப்பன், மகன், கழுதை. ஊர் வாய்க்குப் பயந்து நடந்தவர்களை, அந்தப் பயத்தைக் கழற்றிப்போட்டவர் பார்க்கிறார். தன்பாலீர்ப்பை கக்கர் வெளிப்படையாக அறிவித்த ஓவியமாக இதைக் கருதுவது சரியே.

மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று இத்தகைய ஓவியங்களை ஒதுக்குவோர் உண்டு. 1979-இல் இங்கிலாந்தில் தங்கியது கக்கருக்குத் துணிவு தந்தது உண்மைதான். ஆனால் அவர் கலை வளர்ந்த ஊர் பரோடா. பிழைப்புக்குப் பார்த்தது கணக்கர் வேலை. கடிகாரம் பழுதுபார்ப்பவரையும் முடிதிருத்துபவரையும் 1970-களிலேயே அவரவர் கடையில் வைத்து வரைந்தவர். அதே சாமானிய உலகத்துக்குள்தான் பிறகு காதலையும் வைத்தார். 1982-இல் வரைந்த ‘காசியில் இரு ஆண்கள்’ ஓவியத்தில் ஒரு பக்கம் இருவர் தழுவி நிற்கிறார்கள். பக்கத்திலேயே வழிபாடு நடக்கிறது. உண்மையில் வெளியிலிருந்து வந்தது, தன்பாலின உறவைக் குற்றமாக்கி 1860-இல் ஆங்கிலேய ஆட்சி எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. ஓவியத்தைப் பார்த்தால் போதும், ஓவியரின் அந்தரங்கம் எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். அந்தரங்கத்தை நீக்கினால் அந்தத் தழுவலுக்கு அவர் கொடுத்த விலை நம் கண்ணில் படாது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அப்பிரிவைத் தளர்த்தியபோது, கக்கர் இறந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.