கேழ்வரகு: வந்த தானியமும் தந்த பெயரும்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கன்னடரும் தெலுங்கரும் ராகி என்கிற தானியத்தைத் தமிழரில் சிலர் கேவுரு என்கிறார்கள், பலர் ராகி என்றே சொல்கிறார்கள். மதுரைப் பக்கம் அது கேப்பை, இலங்கையில் குரக்கன். கேழ்வரகுதான் ஆதித் தமிழ்ச் சொல், தானியமும் ஆதியிலிருந்தே நம்முடையது, ராகி மட்டும் எல்லை தாண்டி நுழைந்தது என்றொரு பேச்சு உண்டு. அந்தப் பெயரே இதற்கு எதிர்ச்சாட்சி. கேழ் என்றால் நிறம், ஒளி. நிறமுள்ள வரகு கேழ்வரகு. பெயர் வைத்தவர்களுக்கு வரகு முன்பே பழக்கம். பின்னால் வந்த செந்நிறத் தானியத்துக்கு ஓர் அடைமொழி கொடுத்து அதன் உறவாக்கிக்கொண்டார்கள். தாவரவியலில் இரண்டும் வேறு வேறு பேரினம். வரகு இந்திய மண்ணிலேயே பயிராக்கப்பட்டது. கேழ்வரகின் தாயகமோ எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டுநிலம்.

பழைய பெயருக்குள் புதுத் தானியம் குடியேறுவது எங்கும் நடப்பதுதான். வட இத்தாலியில் பெர்காமோ என்ற மதில் சூழ்ந்த பழைய நகருக்குச் சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் பொலெந்தாவைத் தேடுவார்கள். செப்புப் பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் கட்டையால் கிண்டிப் பலகையில் கவிழ்க்கும் மஞ்சள் மக்காச்சோளக் களி அது. ரோமானியர் காலத்தில் அந்தச் சொல் வாற்கோதுமை நொய்யைக் குறித்தது. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. பெயரும் பக்குவமும் நிற்க, தானியம் மாறிவிட்டது. கிருஷ்ணகிரி அடுப்படியிலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பிடி நொய்யைப் போட்டு, வெந்ததும் மாவைக் குவித்து, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறி, ஈரக்கையால் உருண்டை பிடிக்கும் முறை எந்தச் சிறுதானிய மாவுக்கும் இசையும். பழகிய கை புதுத் தானியத்தையும் பழைய தானியமாகவே நடத்தும். பெயரும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

கர்நாடகத்தின் ஹல்லூரில் பழங்காலக் குடியிருப்பை அகழ்ந்தபோதே கேழ்வரகு கிடைத்ததே, அது எப்படி வந்தேறியாகும் என்று கேட்கலாம். அந்தக் காலத்துக் கேழ்வரகு அடையாளங்கள் சில பின்னாளில் ஐயத்துக்கு உள்ளாயின. அவை முற்றும் சரி என்றே வைத்துக்கொண்டாலும் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்தது என்றுதான் ஆகும். வரகு இந்த மண்ணில் பிறந்தது, கேழ்வரகு வந்தது என்பது மாறாது. ராகி அயற்சொல்தானே என்பது அடுத்த கேள்வி. சிவப்பைக் குறிக்கும் ‘ராக’ என்ற வடசொல்லோடு அதை இணைப்பவர்கள் உண்டு. அது சரியானால் கேழ்வரகும் ராகியும் ஒரே நிறத்தைப் பார்த்துப் பிறந்த பெயர்கள். ஓசூர்த் தமிழர் ராகி என்பதில் இழிவு எதுவும் இல்லை. தாவரவியலார் வைத்த ‘எலூசின் கோரகானா’ என்ற பெயரின் பின்பாதிகூட இலங்கையின் குரக்கன்தான்.

2023ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியபோது, இது நம் ஆதி உணவு என்ற பெருமை ஓங்கி ஒலித்தது. அதே ஆண்டில் பக்கத்துத் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அது உண்மையிலேயே நல்ல காரியம். கேழ்வரகுக்கு இல்லாத பூர்வீகம் தேவையில்லை. மானாவாரி நிலத்தில் குறைந்த மழைக்கும் விளைந்து, இத்தனை தலைமுறைக்குச் சோறு போட்டதே போதுமான உரிமை. ஆப்பிரிக்கத் தொடர்பும் அறுந்துவிடவில்லை. கர்நாடகத்தின் மண்டியாவில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி இந்திய ரகங்களோடு ஆப்பிரிக்க ரகங்களை ஒட்டுச்சேர்த்து விளைச்சலைப் பெருக்கினார். இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்து அப்படிப் பிறந்த ரகங்களுக்கு ‘இண்டாஃப்’ என்று பெயர் வைத்தார்கள்.